தோண்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள்?

போன கோடையில் என் மாமனார் ஊரில் இருந்து வந்திருந்தார். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலத்தில் பெரும்பகுதி தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் தூர் வாருவது, மதகு சரி பண்ணுவது, ஏரிக்கரை உயர்த்துவது என்றே போயிருக்கிறது. வந்த இரண்டாம் நாள், கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனில், லண்டனுக்குக் குறுக்கே சுரங்கம் வழியாக ஓடும் எலிசபெத் லைன் ரயிலில் ஏற்றினேன். ஸ்ட்ராட்ஃபோர்டு தாண்டியதும் ரயில் பூமிக்குள் இறங்கிவிடும், அப்புறம் பாடிங்டன் தாண்டுகிற வரை வானத்தைப் பார்க்க முடியாது. லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி அந்த நீண்ட பிளாட்ஃபாரத்தில் நின்றோம். ஏதோ நானே கட்டினது போல அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே பார்த்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு தோண்டியிருக்காங்களே மாப்பிள்ளை, மண்ணை எங்க கொட்டினாங்க?"

2022 நவம்பரில் எங்கள் பக்கத்து ரயில்கள் சுரங்கம் வழியாக நேராக ஓட ஆரம்பித்த நாளில் இருந்து நான் இதில் போய்வருகிறேன். ஒரு நாள்கூட இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. அவர் விடவும் இல்லை. "வெட்டுறது பெரிய விஷயமில்ல மாப்பிள்ளை, ஆளை விட்டா வெட்டிடலாம். கொட்டுற இடத்துக்குத்தான் நாங்க நாயா அலைவோம்" என்றார். அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். கிராஸ்ரெயில் என்ற பெயரில் கட்டப்பட்ட இந்தத் திட்டத்தில் புதிதாகத் தோண்டிய சுரங்கம் 42 கிலோமீட்டர். போக ஒன்று, வர ஒன்று என்பதால் இரட்டைச் சுரங்கமாகக் கணக்கிட்டால் 21. தோண்டியவை எட்டு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் சுமார் 1,000 டன் எடை, முன்பக்கத்து வெட்டும் தலை 7.1 மீட்டர் விட்டம். எட்டுக்கும் பெண்கள் பெயர்: ஃபிலிஸ், ஏடா, எலிசபெத், விக்டோரியா, மேரி, சோஃபியா, ஜெசிகா, எல்லி. அந்த விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் இயந்திரம் ஒரு மீட்டர் முன்னே போனாலே கிட்டத்தட்ட 40 கன மீட்டர் மண் வெளியே வரும். மண்ணைப் பெயர்த்தால் உப்பும் என்பது வீட்டுக் கொல்லையில் குழி தோண்டியவர்களுக்கே தெரியும், அதனால் குவியல் இன்னும் பெரிது. வாரத்துக்கு ஏறக்குறைய 100 மீட்டர் என்ற வேகத்தில், 2012-இல் தொடங்கி 2015 மே வரை தோண்டியிருக்கிறார்கள். ஸ்டேஷன் குழிகளையும் சேர்த்து மொத்தம் சுமார் 70 லட்சம் டன். இருபது டன் ஏற்றும் டிப்பர் லாரி என்று வைத்துக்கொண்டால் மூன்றரை லட்சம் நடை. லண்டன் நடுவில் மூன்றரை லட்சம் லாரி நடை போனால் என்ன ஆகும் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் ஒரு தடவை பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

சரி, எங்கே போனது? அதில் ஏறக்குறைய 30 லட்சம் டன் எஸ்ஸெக்ஸ் கடலோரத்தில் வாலசீ என்ற தீவுக்குப் போயிருக்கிறது.

இந்தத் தீவின் கதை கொஞ்சம் நம் டெல்டாக்காரர்களுக்குப் புரியக்கூடியது. எஸ்ஸெக்ஸ் கரை முழுக்க ஒரு காலத்தில் அலை ஏறி இறங்கும் உப்புச் சதுப்பு நிலம். நானூறு வருஷத்துக்கு முன்னால் 30,000 ஹெக்டேர் இருந்தது, இப்போது 2,500 ஹெக்டேர்தான் மிச்சம். விவசாயத்துக்காகக் கரை எழுப்பிக் கடலைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கரைக்கு உள்ளே இருந்த நிலம் காய்ந்து தாழ்ந்துபோனது, வெளியே கடல் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. கரையைச் சும்மா உடைத்து விட்டால் சதுப்பு திரும்பி வராது, ஆழமான தண்ணீர் நின்று ஒரு ஏரிதான் கிடைக்கும். சதுப்புச் செடி முளைக்க வேண்டுமானால் நிலம் அலை வந்து மூடிவிட்டுப் போகிற உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மண் வேண்டும், அதுவும் கப்பல் கப்பலாக வேண்டும். அங்கே பறவைகளுக்காக வேலை செய்யும் ஆர்.எஸ்.பி.பி. அமைப்புக்கு மண் தேவை, இங்கே ரயில்காரர்களுக்கு மண்ணைத் தள்ளிவிட இடம் தேவை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்ததுதான் இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

போன வழியும் முக்கியம். மேற்குப் பக்கத்தில் ராயல் ஓக்கில் இருந்து தோண்டிய மண், வெஸ்ட்போர்ன் பார்க்கில் சரக்கு ரயிலில் ஏறி, கென்ட்டில் உள்ள நார்த்ஃப்ளீட் போய், அங்கே கப்பல் மாறியது. கிழக்குப் பக்கத்து மண் தேம்ஸ் ஓரத்தில் லிம்மோ என்ற இடத்தில் கன்வேயர் பெல்ட்டில் வெளியே வந்து நேராகப் படகில் கொட்டியது. வாலசீக்கு மட்டும் 1,500-க்கு மேற்பட்ட கப்பல் நடை. எடையையும் தூரத்தையும் பெருக்கிப் பார்த்தால் மண் போக்குவரத்தில் சுமார் 80 சதவீதம் ரயிலிலும் தண்ணீரிலும் நடந்தது என்கிறார்கள்.

இங்கே மாமாவுக்கு ஒரு சந்தேகம். "ஓரத்துல ஆறு இருந்துச்சு, படகுல போட்டான். இதுல என்ன பெரிய திறமை?" ஆறு இருந்தது உண்மை. ஆனால் தோண்டுகிற இயந்திரத்தை எந்தக் குழியில் இறக்குவது என்பதை முடிவு செய்யும்போதே ரயில் பாதையும் படகுத்துறையும் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்திருக்கிறார்கள், அதுதான் விஷயம். ஊருக்கு நடுவில் காலியாக இருந்த ஒரு மைதானத்தில் இறக்கி, அப்புறம் மண்ணை என்ன செய்வது என்று யோசித்திருந்தால் லாரியைத் தவிர வேறு வழியே இருந்திருக்காது. நீடித்த நிலைத்த வளர்ச்சி என்று வாய் வலிக்கச் சொல்கிறார்களே, அதில் முக்கால்வாசி முதல் கடப்பாரை விழுவதற்கு முன்னால் காகிதத்தில் முடிந்துவிடுகிற சமாச்சாரம். அப்புறம் ஸ்டேஷன் கூரையில் செடி வைப்பதெல்லாம் மாலை போடுவது மாதிரிதான். கேனரி வார்ஃப் ஸ்டேஷன் மேலே மரச்சட்டக் கூரையும் தோட்டமும் அழகாகத்தான் இருக்கிறது, மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் உட்கார நல்ல இடம், நான் குறை சொல்லவில்லை.

காகித வேலைக்கு இன்னொரு உதாரணம், இது என்னை உண்மையாகவே அசர வைத்தது. லண்டனுக்குக் குறுக்கே பெரிய ரயில் சுரங்கம் வேண்டும் என்ற பேச்சு 1940-களிலேயே இருக்கிறது. கிராஸ்ரெயில் என்ற பெயர் 1974 ஆய்வில் வருகிறது. 1991-இல் பாராளுமன்றத்துக்குப் போன மசோதா 1994-இல் விழுந்துவிட்டது. மறுபடி கிளம்பி 2008-இல்தான் சட்டமானது. ஆனால் மசோதா விழுந்த பிறகும் வரைபடத்தில் போட்ட கோட்டை அழிக்கவில்லை. அந்தக் கோட்டின் மேல் யார் கட்டடம் கட்டினாலும், கீழே ஒரு நாள் சுரங்கம் வரலாம், அதற்கு இடம் விட்டு அஸ்திவாரம் போடு என்று பாதுகாத்து வைத்திருந்தார்கள். வராத ரயிலுக்காக இத்தனை வருஷம் கட்டடங்கள் கால்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன! அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் எத்தனை கட்டடத்தை இடித்திருக்க வேண்டும், எத்தனை கான்கிரீட் தூணை வெட்டியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியும் டோட்டனம் கோர்ட் ரோட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நார்தர்ன் லைனுக்கு மேலே ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இயந்திரம் நுழைந்து போயிருக்கிறது. கீழே ஆட்கள் ரயிலுக்குக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

சில்வர்டவுன் பக்கம் 1878-இல் கட்டிய கானாட் சுரங்கம் சும்மா கிடந்தது. துறைமுகத் தண்ணீருக்கு அடியில் போகிற பழைய செங்கல் சுரங்கம். மேலே இருந்த தண்ணீரை அணை கட்டி இறைத்துவிட்டு, அதைச் சீர்படுத்தி இந்த லைனுக்கே எடுத்துக்கொண்டார்கள். புதிதாகத் தோண்டாத ஒவ்வொரு மீட்டரும் லாபம்.

ஏனென்றால் மண்ணைவிடப் பெரிய தலைவலி கான்கிரீட். இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

சுரங்கம் தோண்டத் தோண்டப் பின்னாலேயே கான்கிரீட் வளையம் பூட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு வளையத்துக்கு மூன்று டன் எடையில் ஏழு துண்டு, கடைசியில் ஆப்பு மாதிரி ஒரு டன்னில் ஒன்று. ஆக 22 டன். வளையத்தின் அகலம் 1.6 மீட்டர். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டர் சுரங்கத்துக்கு 625 வளையம், 13,750 டன் கான்கிரீட். மொத்தத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள். இது வெறும் ஓட்டைக்கு மட்டும்தான், ஸ்டேஷன் சுவர், தூண், தளம் எல்லாம் தனி. சிமென்ட் செய்யும்போது சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிற சுடலிலேயே கரியமில வாயு கிளம்புகிறது, சூளைக்குச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் அது நிற்காது. அதனால் இரும்பு உருக்கும் உலையில் மிஞ்சும் கசடை அரைத்து சிமென்ட்டுக்குப் பதிலாகக் கலந்தார்கள். சரி, நல்லதுதான். ஆனாலும் கட்டி முடிக்க மொத்தம் சுமார் 17 லட்சம் டன் கரியமில வாயு என்று அவர்களே கணக்குக் காட்டினார்கள். கார் பயணம் குறைவது, டீசல் ரயில் போய் மின்ரயில் வருவது என்று எல்லாம் சேர்த்து, ஓட ஆரம்பித்த 9 முதல் 13 வருஷத்துக்குள் அந்தக் கடன் அடைந்துவிடும் என்பது அவர்கள் மதிப்பீடு.

கடன் என்ற வார்த்தையைப் போட்டதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்ப ஓட வேண்டியது, எப்ப ஓடிச்சு?" 2018 டிசம்பரில் திறப்பதாகச் சொன்னது, 2022 மே 24-இல் திறந்தது. மூன்றரை வருஷம் தள்ளிப்போனதற்குக் காரணம் தோண்டுவது இல்லை, தோண்டியது நேரத்துக்கே முடிந்துவிட்டது. சிக்னல் மென்பொருளும் ஸ்டேஷன்களுக்குள் இழுத்த கம்பிகளும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. செலவு 1,480 கோடி பவுண்டில் இருந்து 1,880 கோடிக்கு மேல் போனது. பத்திரிகைகள் அந்தப் பணத்தைப் பற்றி மட்டும்தான் எழுதின. கான்கிரீட் எல்லாம் போட்டு, புகை எல்லாம் விட்டு, ஒரு பயணிகூட ஏறாமல் சுரங்கம் மூன்றரை வருஷம் இருட்டில் கிடந்ததே, அந்தக் கடனுக்கு வட்டி யார் கட்டுவது? என்னைக் கேட்டால் ஒரு மெட்ரோ பசுமையா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் பெரிய காரணங்களில் ஒன்று, சொன்ன தேதியில் ஓடுகிறதா என்பது. நல்லவேளை, ஓட ஆரம்பித்ததும் கூட்டம் அலைமோதியது. இப்போது வேலை நாளில் ஏழு லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள், காலை எட்டு மணிக்கு இல்ஃபோர்டில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது என்பதை நான் சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்லத் தயார்.

இன்னொரு விஷயம் சூடு. லண்டனின் பழைய டியூப் ரயில்களில் கோடையில் போனவர்களுக்குத் தெரியும், சென்ட்ரல் லைன் ஓர் அடுப்பு. டியூப் ரயில்கள் புதிதாக வந்த காலத்தில் வெயிலுக்கு ஒதுங்கக் குளுமையான இடம் என்று விளம்பரம் பண்ணுகிற நிலைமையாம், சுற்றியுள்ள களிமண் அப்போது 14 டிகிரி. நூறு வருஷத்துக்கு மேலாக ரயில் பிரேக் போட்டுப் போட்டு விட்ட சூட்டை அந்தக் களிமண் குடித்துக்கொண்டே இருந்தது, இப்போது 19-இல் இருந்து 26 டிகிரி வரை ஏறிவிட்டது. இனிமேல் குடிக்க முடியாது என்கிற நிலை. சின்ன ஓட்டை, ஏ.சி. வைக்கவும் இடமில்லை. புதுச் சுரங்கத்தை முழு அளவு ரயில் ஓடுவதற்காகப் பெரிதாகப் போட்டார்கள், இந்தப் பாடத்தையும் மனதில் வைத்துப் பிளாட்ஃபாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடிக் கதவு வைத்தார்கள், பிரேக் போடும்போது வருகிற சக்தியை மின்சாரமாக்கித் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் பெரிய சுரங்கம் என்றால் அதிகக் கான்கிரீட். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது. பிளாட்ஃபாரங்களையும் இப்போதைய 200 மீட்டர் ரயிலைவிட நீளமாகவே கட்டியிருக்கிறார்கள், நாளைக்குப் பெட்டி கூட்டினால் இடிக்க வேண்டாம் என்று. இது தேவையா, வீண் ஆடம்பரமா என்று நான் இரண்டு மனதாக இருந்தேன். மாமாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. "மதகைச் சின்னதா வச்சுட்டு அப்புறம் இடிச்சுக் கட்டின செலவை நான் பார்த்திருக்கேன், பெரிசாவே வைக்கட்டும்."

நல்ல கதையாக மட்டும் சொல்லிக்கொண்டு போக முடியாது. 2014 மார்ச்சில் ஹோபர்ன் பக்கத்தில் ஃபிஷர் ஸ்ட்ரீட் சுரங்கத்தில், தெளித்த ஈரக் கான்கிரீட் மேலிருந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். சுரங்கம் பயிற்றுவிக்க எங்கள் இல்ஃபோர்டிலேயே 2011-இல் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார்கள், நிறைய இளம் பிள்ளைகள் அங்கே தொழில் கற்றார்கள். அப்படியும் நடந்தது.

சென்னையைப் பற்றிப் பேசாமல் மாமாவோடு எந்தப் பேச்சும் முடியாது. அங்கே மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், அதில் நாற்பதுக்கு மேல் சுரங்கம். கலங்கரை விளக்கத்தில் இருந்து தோண்டக் கிளம்பிய இயந்திரத்துக்கு ஃபிளமிங்கோ என்று பெயர் வைத்தார்கள், பூநாரை. இன்னொன்று பெலிகன். பறவைப் பெயர் வைத்தது எனக்குப் பிடிக்கும். ஆனால் உண்மையான பூநாரை இறங்குகிற பள்ளிக்கரணைச் சதுப்பில் நாம் பெருங்குடிக் குப்பையை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறோம். நான் கொஞ்சம் உற்சாகமாகி, வாலசீ மாதிரி மெட்ரோ மண்ணை வைத்துச் சதுப்பைச் சரிபண்ணலாமே என்று ஆரம்பித்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் மதகுக்கு அடியில் போய்விட்டேன். "இங்க நிலம் தாழ்ந்து போச்சு, உயர்த்தினான். அங்க பள்ளத்தைத்தான் நாம மேடாக்கித் தொலைச்சோம். அங்க அள்ளணும் மாப்பிள்ளை, கொட்டக்கூடாது." ஒரு ஊர் வைத்தியம் இன்னொரு ஊருக்கு ஆகாது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, அந்தத் தீவைப் பார்த்தே தீருவேன் என்றார். ரயில் மண்ணைப் பார்க்கக் காரில்தான் போனோம், வெட்கமாகத்தான் இருந்தது. பஸ் வசதி அவ்வளவு இல்லை. ராச்ஃபோர்டு தாண்டி வயல்களுக்கு நடுவே குறுகிய சாலையில் போனால் திடீரென்று எல்லாம் தட்டையாகிவிடுகிறது. கரை மேல் ஏறி நடந்தோம். 2015-இல் கடல் கரையை உடைத்துத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். ஜூபிலி மார்ஷ் என்று பெயர். அலை வடிந்திருந்த நேரம், வாய்க்கால் வாய்க்காலாகச் சேறு மின்னியது, ஓரங்களில் உப்புச் செடி. வளைந்த மூக்கு உள்ளான் மாதிரி கறுப்பு வெள்ளைப் பறவைகள் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன, அவோசெட் என்று பலகையில் படம் போட்டிருந்தது. இந்த இடத்துக்கு அடியில் ஃபாரிங்டன் இருக்கிறது, வொயிட்சாப்பல் இருக்கிறது, ஐந்து கோடி வருஷத்துக் களிமண் இருக்கிறது என்று நான் பெரிதாக விளக்கிக்கொண்டிருந்தேன். காற்றில் அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

அவர் பாட்டுக்குக் குனிந்து கரையோரம் ஒரு சின்னக் கட்டியை எடுத்து விரலில் உருட்டினார், உமிழ்நீர் தொட்டுப் பிசைந்தார். "நல்ல களி. பிள்ளையாரே பிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் திருப்பி வைத்துவிட்டு, கைக்குட்டையில் கை துடைத்துக்கொண்டார். திரும்பும்போது ஏ127 சாலையில் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் நின்றோம். வீட்டு வாசலில் இறங்கும்போது காரின் மிதியடியில் காய்ந்து உதிர்ந்திருந்த சாம்பல் நிறத் தூளைச் செருப்பால் தள்ளிக் காட்டி, "இது எந்த ஸ்டேஷன் மண்ணு மாப்பிள்ளை?" என்று கேட்டார்.